கல்லடியில் எழுதப்படும் கணக்கு: செய்யாற்றின் தலைமடையும் நீர்ப்பூச்சிகளும்

(காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். உரைக்குப் பின் அவையினர் எழுப்பிய கேள்விகளுக்கான விடைகள் சில, உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



காஞ்சியில் நின்று மலையாறுகளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளுகிறார். ஆற்றைக் கடந்து அக்கரையில் திருமுக்கூடலுக்கும் போகிறார். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடம் அது. இவற்றில் வேகவதி நம் ஊர் ஆறு. பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, வயலூருக்கு அருகே கடலில் சேர்கிறது. தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளர் குடும்பத்து அன்பர்களே, உங்கள் தறிக்குப் பட்டு நூல் தரும் சிட்லகட்டாவும் அந்த நந்தி மலை வட்டாரத்தில்தான் இருக்கிறது. மூன்றாவதான செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. நம் மாநிலத்துக்குள்ளேயே பிறந்து, நம் மாநிலத்துக்குள்ளேயே பாலாற்றில் கலக்கும் ஆறு அது. அதன் தலைமடையைப் பற்றி நாம் எடுக்கும் எந்த முடிவுக்கும் அண்டை மாநிலத்தின் ஒப்புதல் தேவையில்லை.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. ஆற்றின் நலத்தை அறிய நீரைச் சோதிப்பது மட்டும் போதாது. அதில் வாழும் பூச்சிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆறு கெட்டுப்போன இடத்தில் தொடங்கிப் பயனில்லை. இன்னும் கெடாத தலைமடையில், கெடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

1. கல்லுக்கு அடியில் குடியிருப்பவை

மலையோடையில் நீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். முதலில் வழுக்கும் பாசிதான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் அதன் மேல் சில உயிர்கள் நகர்வது தெரியும். தட்டையான உடல், வால் நுனியில் பெரும்பாலும் மூன்று இழைகள், வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற செவுள்கள் என்றிருந்தால், அது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம் பருவம். இறக்கை முளைத்தபின் அது உண்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி, இன்று வாழும் பூச்சிகளில் இது ஒன்றுதான். நாம் கவனிக்க வேண்டியது அதன் பறக்கும் பருவத்தை அல்ல. அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கழியும் நீரடி வாழ்வை.

வாலில் இரண்டே இழைகளும், ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகங்களும் இருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளைக்கு நகம் ஒன்றுதான். குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த ஓட்டத்தை விட்டு ஸ்டோன்ஃப்ளை விலகுவதில்லை. மூன்றாவது, கேடிஸ் என்னும் புழு. மணலையோ இலைத் துண்டையோ ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் இருந்தபடியே நடக்கும். உங்களுக்கு உறவான புழு இது; அதற்குத் தனியே வருகிறேன்.

இந்த மூன்று வரிசைகளும் ஓர் ஓடையில் பல வகைகளாகப் பெருகியிருந்தால் அந்த நீர் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். உலகில் எங்கும் நீர்ப்பூச்சி ஆய்வாளர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது இவற்றைத்தான். எதிர்முனையில் நிற்பது சிவப்புப் புழு. கொசு போலத் தோன்றினாலும் கடிக்காத ஒரு வகை ஈயின் இளம் பருவம் அது. அதன் குருதியில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. உயிர்வளி மிகக் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். சாக்கடை தேங்கும் வாய்க்காலின் அடிச்சேற்றில் வேறெதுவும் இல்லாமல் இது மட்டும் கூட்டமாக நெளிவதைக் காணலாம். ஆனால் அதே குடும்பத்தில் தூய நீரை நாடும் இனங்களும் இருக்கின்றன. சிவப்புப் புழு ஒன்றிரண்டு கிடைத்த உடனே ஆறு கெட்டது என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. எவை எவை சேர்ந்திருக்கின்றன, எவை காணாமல் போயின என்பதுதான் செய்தி.

2. பாட்டில் நீர் சொல்வதும் சொல்லாததும்

நீரை மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். கரைந்த உயிர்வளி எவ்வளவு, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாளில் நுண்ணுயிர்கள் எவ்வளவு உயிர்வளியை உண்கின்றன, உப்பு எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று எண்கள் வருகின்றன. இவை வேண்டியவைதான். ஆனால் அந்த எண்கள், பாட்டிலை முக்கிய அந்த நொடியில் ஓடிய நீருக்கு மட்டுமே உரியவை.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மீன் பிடிப்பதற்காகச் சிலர் ப்ளீச்சிங் பவுடர் கொட்டும் கொடுமை நடக்கிறது. சில மணி நேரத்தில் நீர் அதை அடித்துச் சென்றுவிடும். மறுநாள் மொண்ட நீரில் குளோரின் இராது. அறிக்கை 'நலம்' என்றே வரும். கல்லைப் புரட்டினாலோ ஒரு மேஃப்ளையும் இருக்காது. நஞ்சு வந்தவுடன் பிடியை விட்டு அடித்துச் செல்லப்பட்டவை சில. அங்கேயே மடிந்தவை சில. மேலிருந்து மிதந்து வருபவையும் பறந்து வந்து முட்டையிடுபவையும் சேர்ந்து அந்த இடத்தில் மறுபடி குடியேற வாரங்கள் ஆகும்.

குளிர்நாட்டு நூல்கள் இந்தப் பூச்சிகளை ஓராண்டின் பதிவு என்று சொல்லும். அங்கே பல இனங்கள் நீரடியில் ஓராண்டோ அதற்கு மேலோ வளர்வதால் அது சரி. நம் வெப்பத்தில் வளர்ச்சி விரைவு. பல இனங்கள் ஆண்டுக்குப் பல தலைமுறை காண்கின்றன. ஆகவே இங்கே அந்தப் பதிவு சில வாரம் முதல் சில மாதம் வரையிலானது. நம் நீரில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கரை மரங்களை வெட்டி ஓடையை வெயிலில் விட்டாலே போதும். ஒரு துளி நஞ்சும் கலக்காமல் ஸ்டோன்ஃப்ளை போய்விடும். இலைச்சருகு விழுவது நின்றால் சருகைக் கொறித்து வாழும் இனங்களும் போகும். சாலைக்காக வெட்டிய மண் ஓடையில் சரிந்தால் கற்களின் இடுக்குகள் அடைபடும். இடுக்கில் வாழ்ந்தவை வெளியேறும். இந்த மூன்று கேடுகளையும் வழக்கமான இரசாயனச் சோதனை எளிதில் காட்டாது.

எது நேர்ந்தது என்று பூச்சி சொல்லாது; ஏதோ நேர்ந்திருக்கிறது என்று சொல்லும். இரசாயனச் சோதனை அதன்பின் காரணத்தைத் தேடட்டும். இரண்டும் வேண்டும். இன்று நம்மிடம் நடைமுறையில் இருப்பது ஒன்றே.

3. நீருக்குள் பட்டு நெய்யும் புழு

காஞ்சியில் இதைச் சொல்லாமல் போனால் என் உரை நிறைவடையாது.

பட்டுப்புழு அந்துப்பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசைக்கு மிக நெருங்கிய உறவு கேடிஸ் வரிசை; பூச்சியியலார் இவ்விரண்டையும் உடன்பிறந்த வரிசைகளாகக் கொள்கின்றனர். இரண்டும் பட்டு நூற்பது உமிழ்நீர்ச் சுரப்பி மாறியமைந்த ஓர் உறுப்பிலிருந்து. ஒன்று நிலத்தில் கூட்டைக் கட்டுகிறது. மற்றது ஓடும் நீரில் நெய்கிறது. நீருக்கடியில் எதையும் ஒட்டுவது எளிதன்று. கேடிஸின் பட்டுப் புரதத்தில் பாஸ்பேட் கூறுகள் நிறைந்திருப்பதால்தான் ஈரக் கல்லில் அது பிடிக்கிறது என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2010இல் விளக்கினர். நீங்கள் சாயம் ஏற்றுவதற்கு முன் நூலை வேகவைத்து அதன் பசையை நீக்குகிறீர்கள். கேடிஸுக்கோ பசைதான் வாழ்வு.

16,000க்கு மேற்பட்ட கேடிஸ் இனங்கள் உலகில் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஹைட்ரோசைக்கிடே என்னும் குடும்பத்துப் புழுக்கள் கூடு சுமந்து திரிவதில்லை. இரண்டு கற்களுக்கு நடுவே, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, ஒரு வலையைக் கட்டுகின்றன. ஓட்டம் கொண்டு வரும் பாசித் துணுக்கும் சிற்றுயிரும் அதில் சிக்கும்; புழு ஓரத்தில் ஒரு மறைவிடத்தில் இருந்து அவற்றை எடுத்து உண்ணும். தலையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் அசைத்து அசைத்து இழை விடுவதால் வலைக் கண்கள் ஒரே அளவான செவ்வகங்களாக அமைகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் வியப்பு அடங்காது. பாவும் ஊடையும் அச்சும் இல்லாமல், ஓடும் நீரில், ஒரு சென்டிமீட்டர் நீளப் புழு நெய்தது அது.

ஸ்வீடனில் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆறுகளில் இந்த வலைகளை ஆராய்ந்த பீட்டர்சன் இணையர் 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கெட்ட நீரில் வாழ்ந்த புழுக்களின் வலைகளில் கண்கள் ஒழுங்கு தவறியிருந்தன. இழை இடம் மாறி, செவ்வகம் சிதைந்திருந்தது. புழு சாகவில்லை, அதன் நெசவுதான் பிசகியது. கோர்வையில் ஓர் இழை பிசகினால் நெசவாளர் கண்ணுக்கு எப்படி உடனே படுமோ, அப்படியே பயின்ற கண்ணுக்கு அந்த வலையும் படும்.

இது ஏன் முக்கியம்? ஹைட்ரோசைக்கிடே ஓரளவு மாசைத் தாங்கும் குடும்பம். வெறுமனே தலையெண்ணிப் பார்த்தால், "இங்கே கேடிஸ் இருக்கிறது, குறையில்லை" என்று எழுதிவிடுவோம். வலையைப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். உயிர் போகும் அளவுக்கு நஞ்சு ஏறுவதற்கு வெகு முன்பே உயிரின் செயல் தடுமாறத் தொடங்குகிறது. அந்தத் தடுமாற்றத்தைக் கண்ணால் காணக் கிடைக்கும் சான்று இதைவிட நேரானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

4. மதிப்பெண் போடும் முறை

உயிர்களைக் கொண்டு ஆற்றை மதிப்பிடும் முறைக்கு அடித்தளம் இட்டவர்கள் ஜெர்மானியரான கோல்க்விட்சும் மார்சனும். 1902இல் தொடங்கி 1909க்குள் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பட்டியல் வகுத்தனர். பிரிட்டனில் 1976இல் அமைந்த ஒரு பணிக்குழு அதை எளிமையாக்கியது. பூச்சியின் இனம் வரை போகத் தேவையில்லை, குடும்பத்தை அறிந்தால் போதும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். தூய நீரையே நாடும் ஸ்டோன்ஃப்ளை குடும்பங்களுக்கு 10, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2, சேற்றுப்புழுக்களுக்கு 1. கிடைத்தவற்றின் மதிப்பெண்ணைக் கூட்டுவார்கள், சராசரியும் காண்பார்கள். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நெதர்லாந்துடன் இணைந்து யமுனையில் நடத்திய ஆய்வின் பயனாக, தூய்மை முதல் கடும் மாசு வரை ஐந்து வகுப்புகள் கொண்ட உயிரியல் அளவுகோல் ஒன்றை வகுத்தது.

பிரிட்டன் பட்டியலை அப்படியே எடுத்து ஜவ்வாது மலையில் வைப்பது தவறு. தென்னிந்தியாவில் ஸ்டோன்ஃப்ளை வகைகள் குறைவு. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெர்லிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்டோன்ஃப்ளை குறைவு என்பதால் நம் ஓடை கெட்டது என்றாகிவிடாது. கோடையில் வற்றி மழையில் உயிர்க்கும் ஓடைகளை அந்தப் பட்டியல் அறியாது. அதனால்தான் நேபாளம் தனக்கென ஒரு பட்டியலை வகுத்துக்கொண்டது; தென்னாப்பிரிக்காவும் தனக்கென ஒன்றை வகுத்து, பள்ளிப் பிள்ளைகளும் கையாளும்படி அதன் எளிய வடிவத்தையும் தந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வித்திட்டவர் மதுரை, மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேஃப்ளைகளை வகைப்படுத்துவதில் வாழ்நாள் உழைப்பைச் செலவிட்டவர். 1984இல் அவர் விவரித்த ஒரு மேஃப்ளைக்குப் பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ் என்று பெயர். குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய பூச்சி. குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் தேய்த்துக் குளிப்பதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் தடை செய்தபோது, அந்தத் தடை மனிதருக்காக மட்டும் இடப்பட்டதாக நான் எண்ணவில்லை. 2007இல் கே.ஏ. சுப்பிரமணியனும் சிவராமகிருஷ்ணனும் சேர்ந்து, நீர்ப்பூச்சிகளைக் கொண்டு நன்னீர் நிலைகளைக் கண்காணிப்பதற்கான செய்முறைக் கையேட்டைப் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வழியே வெளியிட்டனர். அறிவு இல்லாமல் நாம் தடுமாறவில்லை. அதை ஜவ்வாது மலை அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கொண்டு வராமல் இருக்கிறோம்.

5. பாலாறு கற்பித்த பாடம்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுக்கும் அதன் கரை நிலங்களுக்கும் செய்ததை இந்த அவைக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். கேடு முழுமையாக நிறுவப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்த இரு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல்.

கிணற்று நீரின் உப்பையும் நிலத்தின் இழப்பையும் அளந்தார்கள். அவற்றுக்கு இழப்பீடு வகுத்தார்கள். ஆற்றில் வாழ்ந்த உயிர்கள்? தோல் கழிவு கலப்பதற்கு முன் பாலாற்றின் நீரடியில் எந்தெந்தப் பூச்சிகள் எவ்வளவு இருந்தன என்ற ஒரு பட்டியலை வழக்கில் யாரும் முன்வைக்க முடியாது. எழுதி வைக்கப்படாத நலத்தை இழந்ததாக எந்த மன்றத்திலும் நிறுவ முடியாது. செய்யாற்றுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதே என் கவலை.

எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே இயங்கிய மருத்துவமனையில் 15 படுக்கைகள் என்றும், மருத்துவருக்கு இவ்வளவு, சிகிச்சைக்கு உதவும் பெண்களுக்கு இவ்வளவு என்றும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் இன்னின்ன என்றும் அது கணக்குச் சொல்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் அமைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையும் வகுத்து வைத்தது. நீருக்கும் நலத்துக்கும் கல்லில் கணக்கெழுதிய நாடு இது.

6. செய்யாற்றில் செய்ய வேண்டியது

தலைமடையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கீழே கெட்டுப்போன இடத்தைத் திருத்தினால் அங்கே உயிர் திரும்ப வேண்டிய வழி மேலிருந்துதான். மேலேயும் கெட்டால் வருவதற்கு எதுவும் மிஞ்சாது.

கணக்கெடுக்க வேண்டிய இடங்கள் இவை: ஜவ்வாது மலை ஓடைகளில், ஊர்களுக்கும் சுற்றுலா இடங்களுக்கும் மேலே மரநிழல் மூடிய ஓரிடம், அவற்றுக்குக் கீழே ஓரிடம், செங்கம் பக்கத்துக் குப்பநத்தம் அணைக்கு மேலும் கீழும் ஒவ்வோரிடம், செய்யாறு நகரைத் தாண்டி ஓரிடம், கடைசியாகத் திருமுக்கூடல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெள்ளம் தணிந்த ஜனவரியில் ஒருமுறை, ஓடை மெலியும் பங்குனிக்கு முன் ஒருமுறை பார்த்தால் போதும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை, வெள்ளைத் தட்டு, கைலென்ஸ், சாமணம், கொஞ்சம் ஆல்கஹால். இவ்வளவுதான் கருவி. அடையாளம் காணத் தேவையான ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். மணல் படுகையான திருமுக்கூடலை மலையோடையோடு ஒப்பிட்டு மதிப்பெண் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வோரிடத்தையும் அதே இடத்தின் முந்தைய ஆண்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் முதல் ஆண்டின் கணக்கு வேண்டும்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை இந்தப் பணியில் வழிகாட்டிகளாக மட்டும் வைத்துக்கொள்வது போதாது. எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தத் துறையில் சோப்பு நுரை தேங்கும், எந்தச் சரிவில் மண் இறங்குகிறது என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் அறிந்தவை. கணக்கெடுப்பவர்களாக அவர்களின் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வேண்டும்.

கணக்கை எங்கே எழுதுவது என்று அவையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் மரங்களையும் மூலிகைகளையும் பறவைகளையும் எழுதுகிறோம். ஓடைக் கற்களுக்கடியில் வாழும் பூச்சிகளையும் இடம், நாள், எண்ணிக்கையோடு அதில் எழுதுங்கள். கல்லூரியின் ஆய்வேட்டில் மட்டும் கிடந்தால் அது நூலகத்தில் உறங்கும். பதிவேட்டில் ஏறினால் நாளை ஊராட்சி கேள்வி கேட்கும்போது கையில் சான்று இருக்கும்.

வரும் ஜனவரியில் ஜவ்வாது மலையில் முதல் கணக்கெடுப்பைத் தொடங்க விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் நெசவாளர் குடும்பத்து இளைஞர்களும் இன்று மாலையே தங்கள் பெயரை விலங்கியல் துறைத் தலைவரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் பயிற்சியை நானே வந்து நடத்தித் தருகிறேன்.